ஓடைக்கரையில் பச்சை பூசிய இடம்

கண்ணு,

முதலில் அந்தப் பாடத்திட்டத்தை யாரிடமும் கொடுக்காதே. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மீதியை ஆற அமரப் படி. திங்கட்கிழமை பள்ளிக்கூட டிப்டி இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு வெறுங்கையோடு போ. திட்டினால் வாங்கிக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், எழுத நேரமில்லை என்று பொய் சொல். என்ன வேண்டுமானாலும் சொல், ராஜா, நான் கொடுத்த நோட்டைப் பார்த்து எழுதியதை மட்டும் அந்த மேஜைமேல் வைத்துவிடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று எழுதினால் உனக்கு ஆயுசு குறையும் என்று உங்க நைனா சத்தம் போடுவார். அதனால் எழுதவில்லை. ஆனால் அப்படித்தான் கேட்கிறேன்.

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. புரை விழுந்த கண்ணுக்கு உன் பொடி எழுத்து தெரியாததால் உங்க நைனாதான் படித்துக் காட்டினார். ரூம் கிடைத்தது, ஊத்துக்கோட்டையிலிருந்து பஸ் நேரத்துக்கு வருகிறது, ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷர் என்றெல்லாம் கேட்டு மனசு குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது பக்கத்தில் நீ எழுதியிருந்தாய்: 'மூணு, நாலு, அஞ்சு வகுப்புக்கும் வரலாறு, பூகோளம், விஞ்ஞானம் வருஷத் திட்டம் முடிச்சிட்டேன்மா. எல்லாம் உன் நோட்டுதான். மேப்புக்கும் உன் ரூல்தான். ஏரிக்கரையிலிருந்து வர்ற ஒரு பொண்ணு அவ ஊட்டையும் சேர்த்து வரைஞ்சிருந்தா. தாலுக்கா மேப்பில இல்லாதது நம்ம மேப்பிலயும் இருக்கக் கூடாதுன்னு சொல்லி அழிக்க வச்சேன். அந்தப் பக்கம் சர்வே கல் நட்டுக்கினு இருக்காங்க, என்னத்துக்குன்னு யாருக்கும் தெரியல.' அதற்குமேல் நான் கேட்கவில்லை. உங்க நைனா படித்துக்கொண்டே போனார். போதும், நிறுத்துங்கள் என்று கத்தினேன். மனுஷர் பயந்துபோய்விட்டார், இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் அப்படிக் கத்தியதில்லை.

நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள் என்று அவரிடம் கொடுத்திருக்கலாம். இது என் கையாலேயே எழுத வேண்டியது. அதனால்தான் எழுத்தெல்லாம் இத்தனை பெரிதாய், கோட்டைத் தாண்டித் தாண்டி இருக்கிறது. பொறுத்துக்கொள். நீ வேலைக்குக் கிளம்பிய அன்று கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் அந்த நோட்டை உன் பையில் வைத்தபோதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டான் என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பச்சைப்பொய். விசிலுக்கு முன்னால் அரை மணி நேரம் நாம் வேர்க்கடலை தின்றுகொண்டு நின்றிருந்தோம். 'எங்கம்மா நோட்டைத்தான் இந்தப் பஞ்சாயத்து யூனியனே காப்பி அடிச்சிது' என்று பக்கத்தில் நின்ற ஆளிடம் நீ பெருமை பேசினாய். அந்தப் பெருமையைக் கேட்க எனக்கு அவ்வளவு இஷ்டமாக இருந்தது, அதுதான் விஷயம்.

நாவல்மேட்டுப் பள்ளிக்கூடம் உனக்கு மறந்திருக்காது. ஒரு ஹால், ஒரு டீச்சர், ஐந்து வகுப்பு. ஒன்றையும் இரண்டையும் சிலேட்டில் எழுதவிட்டு, மூன்று நான்கு ஐந்தை ஒன்றாக உட்காரவைத்துத்தான் பாடம் நடத்த முடியும். புத்தகப்படி போனால் மூன்றாம் வகுப்புக்குச் செங்கல்பட்டு மாவட்டம், நாலாவதுக்கு நம் மாநிலம், ஐந்தாவதுக்கு இந்தியா. அதுபோக வரலாறு தனி, விஞ்ஞானம் தனி. ஒரு பொம்பளை ஒரே வாயால் ஒன்பது பாடம் நடத்துவதா? அதனால் நீ நாலாவது படித்த வருஷம் நானே ஒரு திட்டம் போட்டேன். மாதத்துக்கு ஒரு பொருள், மூன்று வகுப்புக்கும் அதே பொருள், வயதுக்குத் தகுந்த மாதிரி கேள்வி மட்டும் வேறே. ஆடி மாதம் மண். ஆளுக்கொரு கொட்டாங்குச்சியில் மண் கொண்டுவரச் சொன்னேன். தண்ணீர் ஊற்றி எது முதலில் வடிகிறது என்று பார்த்தால் விஞ்ஞானம். எந்த மண் ஊரில் எந்தப் பக்கம் கிடைக்கிறது என்று குறித்தால் பூகோளம். அந்த இடத்தை முதன்முதலில் வெட்டித் திருத்தியது யார் என்று வீட்டில் கேட்டு எழுதிவந்தால் வரலாறு. ஐப்பசியில் மழையும் ஓடையும், மார்கழியில் கிணறு. பிள்ளைகள் அடித்துப்பிடித்துக்கொண்டு வந்தார்கள். சாணி பொறுக்கப் போகிற பெண்கள்கூட மதியச் சோறு முடிந்ததும் ஓடிப்போகாமல் உட்கார்ந்தார்கள்.

நாவல்மேட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஓடை ஓரமாய் இருந்த ஓடைக்கரையை நீ அறிவாய். இருபத்திமூன்று குடிசை. அத்தனை பேரும் ஊர்க்காரர்கள் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிற கூலிக்காரர்கள். குடியிருந்த இடம் மேய்ச்சல் புறம்போக்கு. பட்டா கிடையாது, சர்க்கார் மேப்பிலும் கிடையாது. நம் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் அங்கிருந்துதான் வந்தார்கள். உன்னோடு நாலாம் வகுப்பில் ஒரே பலகையில் உட்கார்ந்த வசந்தா, அவள் அம்மா தேசம்மா, அவர்கள் வீடுதான் முதல் குடிசை. நீ ரயில்வே குவார்ட்டர்சிலிருந்து என்னோடு நடந்துவந்து, பாதி நாள் மதியம் தேசம்மா வீட்டு மீன் குழம்பைத் தின்றுவிட்டு வருவாய். நானும் ஆரணி பக்கம் ஒரு ஏரிப் புறம்போக்கில் பிறந்தவள்தான். அது உனக்குத் தெரியும், ஆனால் நாம் அதைப் பேசியதில்லை. பேசக் கூடாது என்று உன்னைப் பழக்கியவள் நான்.

மார்கழிக் கிணற்றுப் பாடத்தில்தான் வினை வந்தது. ஊரில் உள்ள ஏழு கிணற்றுத் தண்ணீரையும் ஏழு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி, எது எந்தக் கிணறு என்று சொல்லாமல் எல்லாப் பிள்ளைகளையும் ருசி பார்க்கவைத்தேன். எது உப்பு, எது துவர்ப்பு, எது தித்திப்பு என்று கையைத் தூக்க வேண்டும். தித்திப்புக்கு எல்லாரும் ஒரே பாட்டிலுக்குத்தான் கையைத் தூக்கினார்கள். பேர் எழுதிச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தால் அது ஓடைக்கரைக் கிணறு! வசந்தா எழுந்து குதித்தாள். அன்று சாயந்திரமே ஊரிலிருந்து ஆள் வந்துவிட்டது. 'இன்னா டீச்சர், அந்தக் கெணத்துத் தண்ணிய எங்கூட்டுப் புள்ளைக்குக் குடுத்துக்கினு கீறியாமே, எவன் குட்த்த தெகிரியம்?' என்று ஹால் வாசலிலேயே நின்று கேட்டார்கள். நானும் விடவில்லை, பாடத்தில் இருக்கிறது என்று சொன்னேன். எந்தப் பாடத்தில் என்று மனு எழுதிவிட்டார்கள்.

டிப்டி இன்ஸ்பெக்டர் வந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். குரலை உயர்த்தவே இல்லை. என் திட்டத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிள்ளைகள் வீட்டில் கேட்டு எழுதிவந்த வரலாற்று நோட்டுகளையும் புரட்டினார். வசந்தா எழுதியிருந்தது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். எங்க தாத்தாவோட அப்பா ஏரிக்குக் கரை போட வந்தவரு, கரை போட்டதும் ஓடைக்கரையிலயே தங்கிட்டாரு, எங்க கெணறு அவரு தோண்டினது. அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். 'வரலாறுன்னா ராஜா இருக்கணும் டீச்சர். கண்டவங்க ஊட்டுக் கதையெல்லாம் வரலாறு ஆகுமா? மூணு பாடத்தையும் தனித்தனியா, புத்தகத்துல இருக்கிற வரிசையில எழுதுங்க. மேப்புன்னா தாலுக்கா ஆபீஸ் மேப்பைப் பார்த்து வரையணும். அதுல இல்லாத குடிசையெல்லாம் எதுக்கு? இந்தத் தடவை நான் ரிமார்க் எழுதல. அடுத்த தடவையும் இப்படியே இருந்தா, தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திட்டாங்கன்னு என்னைக் குறை சொல்லாதீங்க' என்றார். சொல்லிவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

எனக்கு என்ன பயம் தெரியுமா? உங்க நைனா பாயிண்ட்ஸ்மேன். ரயில்வே குவார்ட்டர்சை விட்டால் எங்களுக்கு ஒண்டக் கூரை கிடையாது. என்னை எங்கோ தூக்கி அடித்துவிட்டால் உன்னை யார் படிக்கவைப்பது என்று அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஆனால் அது மட்டும் இல்லை, பொய் சொல்ல மாட்டேன். அவர் அப்படிச் சிரித்தபோது நான் பிறந்த குடிசையைப் பார்த்துச் சிரித்த மாதிரி எனக்கு இருந்தது. அந்தச் சிரிப்பு இனி என் பக்கம் திரும்பக் கூடாது, இந்த யூனியனில் என்னைப் போல ஒழுங்காகத் திட்டம் எழுதுகிறவள் இல்லை என்று சொல்லவைக்க வேண்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது. வரலாற்று நோட்டுகளையெல்லாம் கட்டி, மளிகைக் கடைக்குப் பொட்டணம் மடிக்கக் கொடுத்துவிட்டேன். புது நோட்டு வாங்கி, மூன்று பத்தி பிரித்துக் கோடு போட்டேன். ஜூன் முதல் வாரம் தொடங்கி மார்ச் கடைசி வரைக்கும், எந்த வாரம் எந்தப் பாடம், எந்தப் பக்கம், எந்தப் படம் என்று சிவப்பும் நீலமுமாய் எழுதினேன். அதுதான் இப்போது உன் மேஜையில் இருக்கிற நோட்டு. நான்காவது ரூலை நீட்டி முழக்கி எழுதி அடிக்கோடும் போட்டேன்: தாலுக்கா வரைபடத்தில் இல்லாத எதையும் மாணவர் வரையக் கூடாது.

அந்த வருஷம்தான் நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் வைத்தார்கள். சுவரில் இருந்த மேப்பில் பழைய பேர்மேல் துண்டுக் காகிதம் ஒட்டி, உன்னைத்தான் எழுதச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? உன் கை அப்போதே சுத்தமான கை. அதனால்தான் பொன்னேரிக் கண்காட்சிக்கு நாவல்மேடு வரைபடத்தை உன்னை வரையச் சொன்னேன். பெரிய டிராயிங் பேப்பர். பள்ளிக்கூடத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு இரண்டு நாள் வரைந்தாய். ஏரி, கோயில், ரோடு, ரயில் பாதை எல்லாம் வந்தது. அப்புறம் ஓடை ஓரமாய் ஒவ்வொரு குடிசையாகப் போட்டாய். வசந்தா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இது எங்க சித்தி ஊடு, இது எங்க பெரிப்பா ஊடு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மணி அடித்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் அந்தப் பேப்பர் முன்னால் உட்கார்ந்தேன். நீ என் பக்கத்தில் நின்றாய். ரப்பரை எடுத்தேன்.

'அம்மா, அது வசந்தா ஊடும்மா' என்றாய். தாலுக்கா மேப்பில் இல்லையே கண்ணு என்றேன். 'ஆனா நெசமா கீதே' என்றாய். ஒன்பது வயதுப் பிள்ளையை, ட்ரெயினிங் முடித்த டீச்சர் நான், வாயை மூடு என்று அதட்டினேன். நீ அழுதாய். நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். இருபத்திமூன்றையும் அழித்துவிட்டு, அந்த இடம் முழுக்கப் பிரஷ்ஷால் பச்சைச் சாயம் பூசி, மறுநாள் உன் கையாலேயே 'மேய்ச்சல் நிலம்' என்று எழுதவைத்தேன். இதை நீ மறந்துவிட்டாய். ஒரு தடவை பேச்சு வந்தபோது உனக்கு ஞாபகமே இல்லை என்று தெரிந்துகொண்டேன். மறந்ததற்காகச் சாமிக்குக் கற்பூரம் ஏற்றினேன். உங்க நைனாவுக்கு மட்டும் தெரியும். 'இன்னாத்துக்குமே அத்த அழிச்சே? கொயந்த பார்த்ததத்தான வரைஞ்சான்' என்று ஒரு வார்த்தை கேட்டார். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று வாயை அடைத்தேன்.

வரைபடத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. திட்டத்தை மாதக் கூட்டத்தில் டிப்டி இன்ஸ்பெக்டரே தூக்கிக் காட்டினார். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலிருந்தும் வந்து என் நோட்டை வாங்கிக்கொண்டு போய்க் காப்பி எடுத்தார்கள். நான்காவது ரூல் எத்தனை பள்ளிக்கூடத்தில் எத்தனை ரப்பரைத் தேயவைத்ததோ எனக்குத் தெரியாது. வரைபடத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினேன். ஓடைக்கரைப் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் வருஷக்கணக்காகப் பாடம் படித்தார்கள், டீச்சருக்குப் பயந்தோ என்னவோ யாரும் வீட்டில் போய்ச் சொல்லவில்லை.

பிறகு கம்பெனிகள் வரப்போகிறது என்று பேச்சு வந்தது. நீ அப்போது பொன்னேரி ஹைஸ்கூலில் படித்துக்கொண்டு, ஹாஸ்டலில் இருந்தாய். கல் நட்டார்கள், சங்கிலி பிடித்து அளந்தார்கள். நாவல்மேட்டு நிலக்காரர்களுக்குப் பணம் என்றார்கள். புறம்போக்கில் இருக்கிறவர்கள், இத்தனை வருஷமாக இங்கேதான் குடியிருக்கிறோம் என்று ஏதாவது காட்டினால் மாற்று மனைக்கு எழுதலாம், விசாரணைக்கு வாருங்கள் என்றார்கள். ஓடைக்கரையில் யாரிடம் என்ன காகிதம் இருக்கும்? விசாரணை நாளன்று காலையில் தேசம்மா பத்துப் பேரோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. 'டீச்சர், அந்த மேப்ப கொஞ்சம் குடேன். உம் புள்ள வரைஞ்சான்ல, அதுல எங்க ஊடெல்லாம் கீதுன்னு எம் பொண்ணு அப்பவே சொல்லிக்கினு இருந்துச்சு. அத்த காமிச்சா போதும்ல?' என்றாள். அந்தக் காட்டுவேலைக்காரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அத்தனை வருஷமும் அவளுக்கு அந்தப் படத்தில் அவள் வீடு இருந்திருக்கிறது.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும், இல்லடி தேசம்மா, நான் அழிச்சிட்டேன் என்று. சட்டத்தைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். பள்ளிக்கூடப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு நீங்களும் வாருங்கள் என்று எனக்கும் ஆள் வந்தது. மரத்தடியில் மேஜை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். முதலில் பதிவேட்டைப் பார்த்தார். எல்லாப் பிள்ளைக்கும் விலாசம் நாவல்மேடு என்றே எழுதியிருந்தேன். ஓடைக்கரை என்று எழுதினால் எந்தத் தெருப் பிள்ளை என்று பார்த்ததும் தெரிந்துவிடுமே, எல்லாரும் ஒரே ஊராக இருக்கட்டுமே என்று நல்ல எண்ணத்தில்தான் அப்படி எழுதினேன். என் நல்ல எண்ணத்தில் மண் விழ! அடுத்து வரைபடத்தைக் கையில் வாங்கினார். ஓடையைத் தேடி விரல் வைத்தார். 'மேய்ச்சல் நிலம்னு உங்க பசங்களே எழுதி வெச்சிருக்காங்களேம்மா' என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னார்.

தேசம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். 'இன்னா டீச்சர் சொல்றாரு? எங்க ஊடு எங்க?' என்றாள். பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள், வசந்தாவும். அப்போது நான் சொன்னதை எழுதத்தான் இத்தனை பக்கமும் எழுதிக்கொண்டு வந்தேன். 'சின்னப் பையன் வரைஞ்சது, விட்டுட்டான் போலக் கீது' என்றேன். உன்மேல் போட்டேன், கண்ணு. அங்கே இல்லாத உன்மேல், அழுதுகொண்டு தடுத்த உன்மேல் போட்டுவிட்டு என் உத்தியோகத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். நான்தான் அழித்தேன், அழிப்பதற்கு முன்னால் இருபத்திமூன்று வீடு இருந்தது என்று ஒரு டீச்சர் சொல்லியிருந்தால் அந்த அதிகாரி எழுதிக்கொண்டிருப்பாரோ என்னவோ. சொல்லிப் பார்த்தால்தானே தெரியும்? நான் சொல்லிப் பார்க்கவில்லை.

மனை யாருக்கும் வரவில்லை. பாதிப் பேர் செங்கல் சூளைக்குப் போனார்கள், மீதிப் பேர் எண்ணூர் பக்கம் போனார்கள். ஒரே நாளில் முப்பத்தொரு பேரைப் பதிவேட்டில் சிவப்பு மசியால் அடித்தேன். தேசம்மா மட்டும் ரயில் பாதை ஓரமாகக் குடிசை போட்டுக்கொண்டு இங்கேயே இருக்கிறாள். வசந்தா கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறாள். அவள் பெருக்குகிற இடத்தில்தான் அவள் வீடு இருந்தது, கிணறு மூடிப்போய்விட்டது. போன வருஷம் மார்க்கெட்டில் பார்த்தபோது, 'ஏம்மா வசந்தா என்னைப் பார்த்தாலே மூஞ்சியத் திருப்பிக்கினு போறா, நான் இன்னா பண்ணேன்?' என்று கேட்டாயே. வயசுப் பெண்ணுக்கு வெட்கம் என்று சொல்லிச் சிரித்தேன். நீ ஒன்றும் பண்ணவில்லை. கண்ணெதிரே வரைந்துவிட்டு, பிறகு அழித்து அவர்களை விட்டவன் நீ என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைக்கவைத்தவள் உன்னைப் பெற்றவள்.

உங்க நைனா நேற்றுக்கூட எனக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தார். 'அந்த ஒரு காயிதம் கீதுன்னு அவுனுங்க மனை குட்த்துருவானுங்களா? சும்மா பேஜார் பண்ணிக்காத' என்றார். அவர் சொல்வது நிஜமாகவும் இருக்கலாம். அந்தச் சமாதானம் எனக்கு வேண்டாம். கொடுக்காமல் போனால் அது அவர்கள் பாவம், அழித்தது என்னுடையது.

இப்போது நீ என்னிடம் கேட்கலாம், ப்ரொபேஷனில் இருக்கிற என்னைப் போய் இன்ஸ்பெக்டரிடம் மல்லுக்கு நிற்கச் சொல்கிறாயா என்று. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உன்னைத் தூக்கி அடிப்பார்கள், ரிமார்க் எழுதுவார்கள். ஆனாலும் சொல்கிறேன், செய். இந்தக் கடிதம் கிடைத்ததும் முதல் வேலையாய் அந்த ஏரிக்கரைப் பெண்ணைக் கூப்பிட்டு, அழித்த இடத்தில் மறுபடி அவள் வீட்டை வரையச் சொல். உன்மேல் தப்பு என்று அவளிடம் எல்லார் முன்னாலும் சொல், சொல்வதற்குக் கூச்சப்படாதே. திட்டத்தைப் புதிதாகப் போடு. பூகோளத்தை அவரவர் வாசலில் ஆரம்பி, செங்கல்பட்டு மாவட்டம் எங்கும் ஓடிப்போகாது. வரலாற்றை வீட்டில் கேட்டு எழுதிவரச் சொல். இடத்துக்கு வந்தது யார், கிணறு தோண்டியது யார் என்று பேரோடு எழுதட்டும், ராஜாக்கள் அதற்கப்புறம் வரட்டும். தேதி போட்டு, உன் கையெழுத்தும் பள்ளிக்கூட முத்திரையும் வைத்து, அந்த நோட்டுகளைப் பீரோவில் பூட்டி வை. தண்ணீரையும் மண்ணையும் பிள்ளைகள் கையில் கொடு. விலாசம் எழுதும்போது இருக்கிற இடத்தை இருக்கிறபடி எழுது. கல் நட்டிருக்கிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். நாள் அதிகம் இல்லை, ராஜா.

என் நோட்டை அடுப்பில் போடாதே, அது தப்பித்துக்கொள்வதாகும். திருப்பி அனுப்பு. அது வந்ததும் தேசம்மாவிடம் காட்டுவேன், ஆனால் அதுவரை காத்திருக்காமல் நாளைக்கே அவளிடம் போகப்போகிறேன். இவ்வளவு நாள் போகாதவள் இப்போது போவாளா என்று நீ நினைப்பாய். நியாயம்தான். இந்தக் கடிதத்தை உங்க நைனா காலை முதல் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். கொடுத்துவிட்டு வந்ததும் என்னைக் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவளிடம் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை உன் பேர்தான். அவன் விடவில்லை தேசம்மா.

இன்னொன்று. விசாரணைக்குப் பிறகு அந்தச் சட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் மாட்ட மனசு வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்து டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் சாய்த்துவைத்திருந்தேன். நேற்று உன் கடிதத்தைக் கேட்ட பிறகு அதை எடுத்துக் கண்ணாடியைக் கழற்றினேன். கண்ணுக்குப் பச்சையும் தெரியவில்லை, நீ எழுதிய எழுத்தும் தெரியவில்லை. பேப்பரை மடியில் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தை விரலால் தடவினேன். நீ சின்ன வயதிலிருந்தே பென்சிலை அழுத்திப் பிடிக்கிறவன், எத்தனை அடி வாங்கியிருக்கிறாய் அதற்கு. ரப்பர் கரியைத்தான் எடுத்திருக்கிறது. ஓடை ஓரமாய் ஒவ்வொன்றாய் மேடு தட்டியது. இரண்டு தடவை எண்ணினேன், இரண்டு தடவையும் இருபத்திமூன்று. அன்றைக்கு அந்த மரத்தடியில் இதைத் திருப்பிப் போட்டு, தடவிப் பாருங்கள் சார் என்று சொல்லியிருந்தால் போதும். முதல் வீட்டுக்கு நீ ஒரு கதவுகூட வைத்திருக்கிறாய்.

அம்மா